பொழி முறிக்கிற நாள்

போன மாதம் அக்கா மகன் என் பழைய நிரல் ஒன்றைத் தோண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். 2011-ல் நான் எழுதியது. பெரியப்பாவின் தேங்காய்க் களத்துக்காக எழுதினேன்: எந்த விளையிலிருந்து எத்தனை காய் வந்தது, வெட்டுக்கூலி எவ்வளவு, தொண்டு (தேங்காய் மட்டை) யாருக்குப் போனது, யார் இன்னும் காசு தரவில்லை. நூற்றுச் சொச்சம் வரி இருக்கும். அந்தக் காலத்தில் எனக்கு அது தாஜ்மகால். களத்தில் இருந்த கணினி செத்துப்போய் ஓரிரண்டு வருஷம் ஆகிவிட்டது, கணக்கும் பழையபடி நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டது. இவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பாட்டாவின் கணக்கை மறுபடி கணினிக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று எங்கிருந்தோ பென்டிரைவைத் தேடிப் பிடித்துவிட்டான்.

"மாமா, இது ஓடமாட்டேங்கு."

"என்ன சொல்லுது?"

"அடைப்புக்குறி எங்கன்னு கேக்கு."

சிரித்துவிட்டேன். பைத்தான் 2-ல் எழுதிய நிரலை அவன் பைத்தான் 3-ல் ஓட்டிப் பார்த்திருக்கிறான். பழையதில் 'பிரிண்ட்' என்று எழுதி, பக்கத்தில் சொல்ல வேண்டியதைப் போட்டால் போதும். புதியதில் அதை அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். இதற்குப் போய் ஒரு மொழியை உடைப்பார்களா என்று அவன் முகம் கேட்டது. நானும் பல வருஷம் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் பூவார். நெய்யாறு கடலில் சேருகிற இடம். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்மேற்கு மூலை; பொழியூரைத் தாண்டினால் கொல்லங்கோடு, தமிழ்நாடு. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு கிடக்கும். வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிடும். மழை பிடித்து ஆறு பெருகினால் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் ஏறி வீட்டு முற்றத்துக்கு வரும். அப்போது பொழி முறிப்பார்கள். மணலில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும், மிச்சத்தை ஆறே அகலமாக்கிக்கொள்ளும். வெட்டுவது பெரிய வேலை இல்லை. எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை. முந்தி வெட்டினால் ஆற்றில் வேகம் இருக்காது, கடல் உள்ளே ஏறி உப்பு வரும். பிந்தினால் தாழ்ந்த வீட்டுக்காரன் கட்டிலில் உட்கார்ந்து சமைக்க வேண்டும். கடல் இறங்குகிற நேரம் பார்க்க வேண்டும். எதிர்க்கரையில் வள்ளம் கட்டியிருக்கிறவனுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லவும் வேண்டும்.

ஒரு நிரல்மொழியின் பெரிய பதிப்பைத் திட்டமிடுவதும் இந்த மாதிரி விஷயம்தான் என்று எனக்குப் படுகிறது. புதியதில் என்னென்ன வரப்போகிறது என்று பட்டியல் எழுதுவது மண்வெட்டி வேலை. அதை உற்சாகமாக யாரும் செய்துவிடுவார்கள். எதிர்க்கரையில் வள்ளம் கட்டியிருக்கிறவன், அதாவது பழைய மொழியில் நூறு வரி எழுதிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போனவன், என்ன செய்வான்? இதற்குப் பதில் எழுதாத திட்டம் என்னைப் பொறுத்தவரை திட்டமே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

அவன் அடைப்புக்குறிகளைப் போட்டான். நிரல் ஓடியது. ஓடியதுதான் ஆபத்து. வெட்டுக்கூலி 500 ரூபாயை 3 பேருக்குப் பங்கு வைக்கிற வரி ஒன்று உண்டு. பழைய பைத்தானில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் விடை: 166. மீதி 2 ரூபாய் டீக்கு என்று ஒரு தனி வரி எழுதியிருந்தேன். களத்தின் நடைமுறை அது. புதிய பைத்தானில் அதே வகுத்தல் குறி 166-க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஆறு ஆறாக நீட்டிக்கொண்டு போகிறது. பிழைச் செய்தி எதுவும் கிடையாது. டீக்காசும் காணோம். அடைப்புக்குறி இல்லை என்று சத்தம் போடுகிற மாற்றத்தை ஐந்து நிமிஷத்தில் சரிசெய்யலாம். வாயை மூடிக்கொண்டு விடையை மாற்றுகிற மாற்றம்தான் குடும்பத்தைப் பிரிக்கும். எனக்கு அதிகாரம் கிடைத்தால், எந்தப் பெரிய பதிப்பிலும் முதலில் இந்த இரண்டாம் வகையைத் தனியாகப் பிரித்து, சிவப்பு மையில் எழுதி வாசல் கதவில் ஒட்டச் சொல்வேன்.

மூன்றாவது பிழைதான் விசேஷம். அது என் நிரலின் பழைய நோய். ஊர்ப் பெயர்களை ஒரே அகலப் பத்தியில் அடுக்கி அச்சிட வேண்டும் என்று பெரியப்பா ஆசைப்பட்டார். நான் பெயரின் நீளத்தை எண்ணி, குறைகிற இடத்துக்கு வெற்றிடம் போட்டேன். ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் சிப்பாய் மாதிரி வரிசையில் நின்றன. தமிழில் எழுதியவை குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஆடின. காரணம் கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆயிற்று. 'பூவார்' என்பதற்கு நமக்கு மூன்று எழுத்து: பூ, வா, ர். பழைய பைத்தான் அதை 18 என்று எண்ணியது.

எப்படி 18? யூனிகோடில் 'பூ' என்பது பகரமும் ஊகாரக் குறியுமாக இரண்டு. 'வா' இரண்டு. 'ர்' ரகரமும் புள்ளியுமாக இரண்டு. மொத்தம் ஆறு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ஆறு மூன்று பதினெட்டு. பழைய பைத்தானுக்கு எழுத்துச்சரம் என்றால் பைட் மூட்டைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று அது திறந்து பார்க்காது. பெயர் நீளமாகிவிட்டால் பத்தோடு வெட்டு என்று ஒரு வரி வைத்திருந்தேன். பத்தாவது பைட் எங்கே விழுகிறது தெரியுமா? 'வா'-வின் துணைக்காலில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக்கொண்டு. அச்சில் 'பூவ' என்று வந்து, பக்கத்தில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஊருக்க பேர முறிச்சுப் போட்டியேடே" என்றார். நான் அதைத் திறமைக்குறைவு என்று நினைத்து வெட்கப்பட்டேன். பாதி திறமைக்குறைவு, மீதி மொழியின் வயசு.

பைத்தானை கீடோ வான் ராசம் நெதர்லாந்தில் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதத் தொடங்கினார், 1991-ல் வெளியிட்டார். யூனிகோடின் முதல் பதிப்பு வந்ததும் அதே 1991-ல்தான். ஆங்கில எழுத்தும் சில குறிகளும் 128 இடத்துக்குள் அடங்குகிற உலகம் அது. 2000 அக்டோபரில் பைத்தான் 2.0 வந்தபோது யூனிகோடு சரம் என்று இரண்டாவது வகை ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினார்கள். இரண்டும் கலந்து புழங்கும். ஆங்கிலம் மட்டும் இருக்கிறவரை கலப்பில் குழப்பம் தெரியாது. தமிழ் வந்து விழுந்த அடுத்த நொடி நிரல் செத்துவிடும். யூடிஎஃப்-8-ல் எந்தத் தமிழ்க் குறியானாலும் அதன் முதல் பைட் 224. 128-க்கு மேலே இருப்பது எனக்குப் புரியாது என்று பழைய பைத்தான் கையை விரிக்கும். தமிழிலோ மலையாளத்திலோ நிரல் எழுதிய ஒவ்வொருவரும் அந்தப் பிழைச் செய்தியை மனப்பாடமாகச் சொல்வார்கள். மலையாளத்துக்கும் முதல் பைட் அதே 224-தான். மாநில எல்லையிலுள்ள களியக்காவிளைச் சாவடிக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று அது பேதம் பார்க்கவில்லை.

ஆக, ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவர்களுக்கு எல்லாம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. உடைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் பெரும்பங்கு நம்மைப் போன்ற எழுத்துக்காரர்களால் வந்தது. இதை நான் உணர்வதற்குள் பத்து வருஷம் திட்டித் தீர்த்திருந்தேன்.

பைத்தான் 3-ன் திட்டம் 2006-ல் எழுத்து வடிவம் பெற்றது. பைத்தான் மக்கள் தங்கள் யோசனைகளைப் 'பெப்' என்று எண் போட்ட ஆவணங்களாக எழுதி வைப்பார்கள். பெப் 3000 என்பதுதான் மூலத் திட்டம். எனக்கு அதைவிடப் பிடித்தது பெப் 3099. எவையெல்லாம் மாறாது என்று சொல்வதற்கு மட்டும் ஒரு ஆவணம்! ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகவே இருக்கும், வரித் தள்ளலுக்குப் பதில் நெளிவு அடைப்புக்குறி வராது, இப்படி ஒரு பட்டியல். கல்யாண வீட்டில் என்ன பலகாரம் என்று எழுதுவதற்கு முன்னால் யார் யாரைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று எழுதுகிற பெரியவர்கள் உண்டே, அந்த அனுபவம் அது. வாசலில் கூடி, 'அதையும் மாற்று, இதையும் மாற்று' என்று நிற்கிற கூட்டத்தை இந்த ஒரு தாளைக் காட்டி அனுப்பிவிடலாம். (அதில் மொழியின் இலக்கணத்தை அலசும் பகுப்பியைச் சிக்கலாக்க மாட்டோம் என்றும் ஒரு வரி இருந்தது. 2020-ல் 3.9 பதிப்பில் அதைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். அதனால் யாருக்கும் கஞ்சி கொட்டிப்போகவில்லை.)

2008 டிசம்பர் 3 அன்று 3.0 வெளிவந்தது. இரண்டு மாதம் முன்னால் 2.6. திட்டம் இப்படி: உன் நிரலை 2.6-ல் ஓட்டு, எங்கே இடிக்கும் என்று அது எச்சரிக்கும். திருத்திக்கொள். பிறகு '2-லிருந்து-3' என்ற மாற்றுக் கருவியில் போடு, 3-க்கான நிரல் வெளியே வரும். கையால் தொடாதே. தாளில் படிக்கும்போது ரொம்ப அழகு.

ஓட்டை எங்கே என்றால், நிரல் தனியாக நிற்பதில்லை. என் தேங்காய் நிரலே பிறர் எழுதிவைத்த நான்கைந்து நிரலகங்களின் தோளில் நின்றது. அந்த நிரலகக்காரர்கள் 3-க்கு வந்தால்தான் நான் வர முடியும். என்னைப் போன்றவர்கள் 2-ல் நிற்பதால் அவர்கள் 2-ஐ விட முடியாது. இரண்டுக்கும் ஒரே நிரலை வைத்துப் பராமரிக்க வேண்டும். மாற்றுக் கருவியோ ஒரே தாவலில் அக்கரை போகிறவனுக்காகச் செய்தது. ஒரு காலை இக்கரையிலும் ஒரு காலை அக்கரையிலும் வைத்துக்கொண்டு சில வருஷம் நிற்க வேண்டியவனைப் பற்றி அது யோசிக்கவே இல்லை.

ஊரே சேர்ந்து அதற்கு ஒரு பலகை போட்டது. 'சிக்ஸ்' என்று ஒரு சின்ன நிரலகம். ஏன் ஆறு? இரண்டு மூன்று ஆறு. அவ்வளவுதான். இரண்டு பதிப்பிலும் ஒரே நிரல் ஓட என்னென்ன சில்லறை வேலை உண்டோ அதெல்லாம் அதில் இருந்தது. திட்டம் போட்டவர்களும் மெல்ல இறங்கி வந்தார்கள். பழைய பைத்தானில் யூனிகோடு சரத்துக்கு முன்னால் 'யு' என்று ஓர் எழுத்துப் போடுவோம். 3.0-ல் அதைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். நியாயம்தான், தேவையில்லைதான். ஆனால் இரண்டு பக்கமும் ஓட வேண்டிய நிரலுக்கு அந்த ஒற்றை எழுத்துதான் கைப்பிடி. 2012-ல் 3.3 பதிப்பில் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். பைட்டுகளைச் சதவீதக் குறி போட்டு வடிவமைக்கும் வசதியையும் எடுத்திருந்தார்கள். 2015-ல் 3.5 பதிப்பில் அதுவும் வீடு திரும்பியது. ஒன்றும் செய்யாத ஓர் எழுத்தைத் திரும்ப அனுமதிக்க நான்கு வருஷம். திட்டமிடல் பாடத்தில் ஒரே ஓர் உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் நான் இந்த 'யு'-வைத்தான் சொல்வேன்.

பழைய கரைக்கும் நாள் குறித்திருந்தார்கள். 2010 ஜூலையில் 2.7 வந்தது, 2 வரிசையில் கடைசி. 2.8 வராது என்று சொல்வதற்கே ஒரு பெப் எழுதினார்கள், எண் 404. தேடிய பக்கம் இல்லை என்று இணையம் சொல்லுகிற அதே எண். 2.7-க்கு 2015 வரை ஆயுள் என்றார்கள். 2014-ல் பார்த்தால் பாதி ஊர் இன்னும் இக்கரையில். 2020 வரை நீட்டினார்கள். கீடோ வான் ராசம் அப்போது வேலை பார்த்த டிராப்பாக்ஸ் தன் கணினிச் செயலியை 3-க்கு மாற்றி முடித்ததே 2018-ல்தான். மொழியைப் பெற்றவர் வேலை பார்க்கிற வீட்டிலேயே பத்து வருஷம் என்றால் எங்கள் தேங்காய்க் களத்தை யார் குறை சொல்வது? 2020 ஜனவரி 1 அன்று ஆதரவு முடிந்தது. ஏப்ரலில் 2.7.18 என்று ஒரு கடைசிப் பதிப்பு போட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஊரடங்கு நேரம். நான் கவனிக்கக்கூட இல்லை.

இந்த நீட்டிப்பைச் சிலர் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கேலி தெரியவில்லை. 1956 நவம்பர் 1 அன்று ஒரே ராத்திரியில் எங்களுக்குத் தெற்கே இருந்த விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு வட்டமும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு சென்னை மாநிலத்துக்குப் போயின. நாங்கள் கேரளத்தில் நின்றோம். வரைபடத்துக்கு ஒரு நாள் போதும். கொல்லங்கோட்டில் எங்கள் சித்தி வீட்டு மூலப் பத்திரம் இன்றைக்கும் மலையாளத்தில்தான் இருக்கிறது. நிலம் விற்க வேண்டும் என்றால் அதை வாசிக்கத் தெரிந்த எழுத்தரைத் தேடி அலைய வேண்டும். சித்தி பேசுவது தமிழ், நிலம் இருப்பது தமிழ்நாட்டில், காகிதம் மட்டும் 2.7.

மொழியை மாற்றப் போய் மூழ்கினவர்களும் உண்டு. பிஎச்பி 6 என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவர்களுக்கும் இதே நோவுதான், யூனிகோடு. 2005 வாக்கில் தொடங்கி, மொழியின் உள்ளே எல்லா எழுத்தையும் யூடிஎஃப்-16 ஆக்கிவிடுவது என்று இறங்கினார்கள். வேகம் குறைந்தது, நினைவகம் வீங்கியது, ஆள் கழன்றார்கள். 2010-ல் கைவிட்டார்கள். 2015 டிசம்பரில் அடுத்த பெரிய பதிப்பு வந்தபோது அதற்கு 7 என்று பேர் வைத்தார்கள். ஆறு எங்கே என்று கேட்கக் கூடாது. இதற்கு நடுவே பிஎச்பி 6 என்று அட்டையில் போட்டுப் புத்தகங்களே வந்துவிட்டன. பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டி, விற்றும் விட்டார்கள்.

பெர்ல் 6 வேறு மாதிரி. 2000-ல் அறிவித்தார்கள், 2015 கிறிஸ்துமஸுக்கு வந்தது. வந்து சேர்ந்தபோது அது பெர்லின் அடுத்த பதிப்பாக இல்லை, பக்கத்து வீட்டு மொழியாக இருந்தது. 2019-ல் ராக்கு என்று பேரையே மாற்றிவிட்டார்கள். சொன்ன இடத்துக்குப் போய்ச் சேராத வகையில் எங்கள் ஊரிலும் ஒரு கால்வாய் உண்டு. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். பத்மநாப சுவாமி, லண்டன் ராணி, திருவிதாங்கூர் மகாராஜா, மூன்று பேரின் பெயரையும் சேர்த்து வைத்தாயிற்று. பூவாரிலிருந்து கன்னியாகுமரி வரை படகு போகும் என்று 1860 வாக்கில் தொடங்கினார்கள். மண்டைக்காட்டுப் பக்கம் வரை வெட்டியதோடு சரி. பேர் மட்டும் முழு நீளத்துக்கு இருக்கிறது.

நன்றாகத் திட்டமிட்டவர்கள் யார் என்று கேட்டால், எனக்கு ஜூலியாக்காரர்களைப் பிடிக்கும். நால்வர் தொடங்கிய மொழி, அதில் ஒருவர் நம் நாட்டு விரல் ஷா. 2012-ல் வெளியே சொன்னார்கள். 2018 ஆகஸ்டில் 1.0 வந்தபோது கூடவே 0.7 என்று ஒன்றையும் விட்டார்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய முறையில் எழுதினால் 0.7 "இது போகப்போகிறது, இப்படி எழுது" என்று சொல்லிவிட்டு ஓடும். 1.0 ஓடாது. 0.7-ல் திட்டு வாங்காமல் ஓடினால் 1.0-ல் ஓடும். ஆற்றுக்கு நடுவில் நிற்க ஒரு கல் போட்டுக் கொடுத்த மாதிரி. ரஸ்ட் மொழி இன்னும் ஒரு படி மேலே போய், 2015, 2018, 2021, 2024 என்று வருஷக் கணக்கில் பதிப்பு வைத்து, எந்த நிரலகம் எந்த வருஷத்து இலக்கணத்தில் எழுதியது என்று அதுவே சொல்லிக்கொள்ளலாம், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் என்று ஏற்பாடு செய்துவிட்டது. பழைய வீட்டை இடிக்காமல் மாடி கட்டுவது. அஸ்திவாரம் முதலிலேயே அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் சிக்கல்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா மகன், "மாமா, தமிழ்ல ஒரு மொழி உண்டுல்லா, அதுக்க கதை என்ன?" என்றான்.

உண்டு, எழில். அமெரிக்காவில் இருக்கும் முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. 2009-ல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். கட்டற்ற மென்பொருள், மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம். உள்ளே எழில் ஓடுவது பைத்தானின் தோளில். சில வருஷம் முன்பு விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேருக்கு நான் எழிலைத்தான் காட்டினேன். 'பதிப்பி "வணக்கம்"' என்று அடித்ததும் திரையில் வணக்கம் வந்தபோது ஒரு சிறுமி கையைத் தட்டினாள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நிபந்தனை எழுதும் முறை:

@( காய் > 1000 ) ஆனால்
    பதிப்பி "லாரி வேண்டும்"
இல்லை
    பதிப்பி "ஆட்டோ போதும்"
முடி

கவனியுங்கள், 'ஆனால்' நிபந்தனைக்குப் பின்னால் வருகிறது. ஆங்கில மொழிகளில் 'இஃப்' முன்னால் நிற்கும். அதை அப்படியே தமிழ்ச் சொல்லாக்கி முன்னால் வைத்திருந்தால் நாக்கில் ஒட்டாது. காய் ஆயிரத்துக்கு மேல் ஆனால் லாரி வேண்டும் என்றுதானே களத்தில் பேசுகிறோம். சொல்லை மட்டும் மாற்றாமல் சொல்வரிசையையும் யோசித்திருக்கிறார்கள். 'முடி' வந்தால் மட்டும் பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் மலையாளப் பள்ளிக்கூடம், 'முடி' என்றதும் தலைமுடிதான் நினைவுக்கு வரும். கடைசி வரியில் முடியை வெட்டிவிட்டால் பிழை வரும் என்று சொல்லிக் கொடுத்தேன். யாரும் மறக்கவே இல்லை.

இப்படி ஒரு மொழிக்குப் பெரிய புதிய பதிப்பு போட வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடியில் இருந்து இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவன் வேகத்தில் 'பதிப்பி'-யை மாற்ற வேண்டும் என்றான். "யாரு மாமா பதிப்பின்னு சொல்லுவா? காட்டுன்னு வச்சா போதாதா?" நல்ல யோசனைதான். ஆனால் எழிலுக்கு 'தமிழில் நிரல் எழுது' என்று பாடப்புத்தகம் இருக்கிறது. அதில் அச்சான ஒவ்வொரு நிரலிலும் பதிப்பி இருக்கிறது. பெரிய மொழிக்காரர்களுக்கு உடைவது நிறுவனங்களின் நிரல், அவர்களிடம் சம்பளத்துக்கு ஆள் இருக்கும். சின்ன மொழியில் உடைவது ஒரு பிள்ளை நோட்டில் எழுதி வைத்த பத்து வரி. அது ஓடவில்லை என்றால் பிள்ளை பிழைச் செய்தியை ஆராயப் போவதில்லை, தனக்கு வரவில்லை என்று எழுந்து போய்விடும். ஆகவே 'காட்டு' வரட்டும், 'பதிப்பி'-யும் இருக்கட்டும் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஒரே வேலைக்கு ரெண்டு வார்த்தையா என்றான். நாம் ஒரே பொருளைத் தொண்டு, மட்டை, கதம்பல் என்று மூன்று பேர் சொல்லிப் பிழைக்கவில்லையா?

அடுத்த சங்கடம் தோள். எழில் தோளில் நிற்பதால், கீழே பைத்தான் நகர்ந்தால் மேலே இதுவும் நகர்ந்தே ஆக வேண்டும். பைத்தான் பழையபடி ஒரே வெட்டாக வெட்டுவதை விட்டுவிட்டது. கீடோ 2018-ல் பொறுப்பிலிருந்து விலகினார், இப்போது ஐந்து பேர் கொண்ட குழு நடத்துகிறது. 3.9-லிருந்து வருஷத்துக்கு ஒன்று, அக்டோபரில், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் ஆதரவு. எங்களுக்கு அது துலாமழை நேரம். கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் ஓடுகிறது. கணினிப் பாடநூல் தமிழிலும் கன்னடத்திலும்கூட அச்சாகிறது, பைத்தான் அதில் ஒரு பாடம். பள்ளிக்கூடம் திறப்பதோ ஜூன். அச்சான பாடநூலும் கணினிக்குள் இருக்கிற பதிப்பும் ஒன்றாகக் கைகோத்து நடந்தால்தான் வாத்தியார் மானம் தப்பும். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற மொழி பாடநூலுக்கு நல்லதா, பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரேயடியாக மாறுவது நல்லதா? எனக்கு முன்னதே மேல். ஒரு வகுப்பில் ஒரு வரியைப் பேனாவால் திருத்தலாம், புத்தகத்தையே திருத்த முடியாது.

கடைசியில் தேங்காய் நிரலைச் சரிசெய்ய உட்கார்ந்தோம். கூலிப் பங்கில் முழு எண் வகுத்தலுக்கென்று இருக்கும் இரட்டைச் சாய்கோட்டைப் போட்டதும் டீக்காசு திரும்பி வந்தது. மாறிகளுக்கு நான் ஆங்கிலத்தில் வைத்திருந்த பெயர்களை அவன் விலை, கூலி, விளை என்று தமிழாக்கினான். பைத்தான் 3-ல் அது செல்லும், 2007-ல் பெப் 3131 அதற்கு வழிவிட்டது. 'கொ' என்பதன் ஒகரத்தை ஒருவர் ஒரே குறியாகவும் இன்னொருவர் இரண்டு பக்கக் குறியையும் தனித்தனியாகவும் தட்டினால்கூட மாறிப் பெயரில் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். '௨௦' என்று தமிழ் எண்ணில் கொடுத்தால் 20 என்று வாசிக்கும். பெரியப்பாவுக்கு அதைக் காட்டினோம். தமிழ் எண் அவருக்கே மறந்து போயிருந்தது.

'பூவார்' இப்போது 18 இல்லை, 6. மூன்று ஆகவில்லையே என்றான் அவன். அதற்கு ஓப்பன்-தமிழ் நிரலகத்தைப் போட்டு எழுத்து எழுத்தாகப் பிரித்தோம். மூன்று வந்தது. பத்தி நேராக நின்றது.

அவனுக்குத் திருப்தி இல்லை. நோட்டுப் புத்தகத்திலிருந்து தட்டிய வரிகளில் ஊர்ப் பெயரை மட்டும் பொறுக்க ஒரு தேடல் கோவை எழுதினான். சொல்லெழுத்துகள் தொடர்ந்து வருவதை எல்லாம் எடு என்று சொல்லுகிற வழக்கமான குறி. விடையாக மூன்று துண்டு வந்தது: ப, வ, ர. ஊகாரம், துணைக்கால், புள்ளி மூன்றையும் அது எழுத்தாகவே மதிக்கவில்லை.

"மூணுலயும் இப்படியா மாமா? இத எப்ப மாத்துவாவ?"

மாற்றலாம். இந்த நடத்தையை நம்பி இத்தனை வருஷத்தில் உலகத்தில் யார் யார் என்னென்ன எழுதி வைத்திருக்கிறார்களோ. அதே வேலையைச் சரியாகச் செய்கிற வேறு ஒரு நிரலகம் உண்டு, அதைப் போட்டுக்கொள் என்றேன். அவன் போடவில்லை. பிழையைப் பற்றிப் பைத்தான்காரர்களுக்கு எழுதப்போகிறேன் என்று ஆங்கிலத்தில் முதல் வரியைத் தட்ட ஆரம்பித்தான். கீழே யாரோ பொழி முறிக்க ஜேசிபி வந்துவிட்டது என்று கத்தினார்கள். அவன் லேப்டாப்பை மூடாமல் அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.